ஏழால் மட்டும் பெருக்கக் கூடாத எண்

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு என்ற எண் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணி பஸ்ஸில், கொளுத்துகிற வெயிலில், பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல். ஆறு இலக்கங்களும் ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி படியில் இறங்கின. முதலில் ஒன்று, ஒல்லியாக, விறைப்பாக, ஜப்திக்கு வந்தவரைப் போல. அதன் பின்னால் முழங்கையை மடக்கிக்கொண்டு நான்கு, கழுத்தை வளைத்துக்கொண்டு இரண்டு, மேலும் கீழுமாக இரண்டு தொப்பை வைத்திருந்த எட்டு, குடை பிடித்ததுபோல் ஐந்து, கடைசியாக ஏழு. கண்டக்டருக்கு ஒரே எரிச்சல். இது ஒரு ஆளா ஆறு ஆளா என்று வழியெல்லாம் தனக்குள்ளேயே மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு டிக்கெட்டும் ஐந்து லக்கேஜும் கிழித்துக் கொடுத்திருந்தார்.

மந்திரமூர்த்தி டீக்கடை பெஞ்சில் ஆறும் வரிசையாக உட்கார்ந்தன. மந்திரமூர்த்தி கிளாஸைக் கழுவிக்கொண்டே அவற்றின் முகத்தைப் பார்த்து, “டீ ரெண்டா, ஆறா?” என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் முன்னால் இருந்த ஒன்றும் நான்கும் எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய், கடைசியில் இருந்த ஏழின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டன. இப்போது வரிசை இரண்டில் தொடங்கியது. 285714. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், பேப்பர் ஓரத்தில் பேனாவால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

“ஏ மந்திரமூர்த்தி, தன்னையே ரெண்டால பெருக்கிட்டுவே! ஆளு ஒன்னுகூட மாறல, எடந்தான் மாறியிருக்கு!”

“அதெல்லாம் இருக்கட்டும் சார். டீ எத்தனைன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார் மந்திரமூர்த்தி.

மறுநாள் மூன்று என்றோம், 428571 என்று உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் நான்கு, 571428. அப்புறம் ஐந்து, 714285. அப்புறம் ஆறு, 857142. எதால் பெருக்கினாலும் அதே ஆறு பேர், அதே சுற்று வரிசை. ஒன்றுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு, நான்குக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு. யார் தலைமாட்டில் நிற்பது என்பது மட்டும்தான் மாறும். விடிந்ததும் அதன் முகத்தைப் பார்த்து யார் முதலில் ஓர் எண்ணைச் சொல்கிறார்களோ அதுதான் அன்றைய கணக்கு. அதன்பின் பொழுது சாயும்வரை தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது. பொழுது சாய்ந்ததும் பழையபடி ஒன்றில் தொடங்கும் 142857 ஆகிவிடும். வாத்தியார் அதை நடுவில் வெட்டி, 142-ஐயும் 857-ஐயும் கூட்டினால் 999 வருகிறது, மூன்றாக வெட்டி 14, 28, 57 என்று கூட்டினால் 99 வருகிறது என்றெல்லாம் சொல்லிப் பூரித்தார். வந்த விருந்தாளியை வெட்டுகிற பேச்சு என்ன பேச்சு என்று பெண்கள் அவரை வைதார்கள்.

அதற்கு லட்சத்தார் என்று பெயர் வைத்தோம். ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தோம். குடும்பத் தலைவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘அன்றன்றைக்கு முன்னால் நிற்பவர்’ என்று எழுதினார்கள். எட்டுக்கு மட்டும் வேட்டி இரண்டு தேவைப்பட்டது. இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு கருமாதிக்கும் பத்திரிகை வைத்தார்கள், லட்சத்தார் போய் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். எண் எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு வேறு கேள்வி இருந்தது: லட்சத்தார் எந்தத் தெரு?

எங்கள் ஊருக்கு ஆறுதெருக்குறிச்சி என்று பெயர். தெருக்கள் ஏழு. மேலத்தெரு, சன்னதித்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு, தெக்குத்தெரு, அப்புறம் வாய்க்காலைத் தாண்டி ஒரு தெரு. அதற்குப் பெயர் கிடையாது, ‘அங்கிட்டு’ என்போம். அங்கிட்டுக்காரர்கள், அங்கிட்டுப் பிள்ளைகள், அங்கிட்டு ஒரு சாவு. ஊருக்குப் பெயர் வைத்தவர் எண்ணத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நன்றாக எண்ணித்தான் வைத்தார்.

வந்த முதல் நாளே ஆறு தெருவிலும் லட்சத்தாரை வாசலில் நிறுத்திப் பூர்வீகம் கேட்டார்கள், கொடுக்கல் வாங்கல் யாரோடு என்று கேட்டார்கள், பதில் வராததால் சொம்பில் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அது கை கோத்தபடியே நடந்து வாய்க்காலையும் தாண்டிப் போயிற்று. அங்கே உலகம்மாள் சரிந்து விழுந்த மாட்டுக்கொட்டில் கூரையைத் தன் ஒருத்தி முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் வண்டிமலையானுக்கு இடது பாதம் கிடையாது. கம்பை ஊன்றிக்கொண்டு, “இந்தப் பக்கம் தூக்கு, அந்தப் பக்கம் தூக்கு” என்று சொல்ல மட்டும்தான் முடியும். உலகம்மாள் வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். “வேடிக்க பாக்கவா வந்திய? ஆளுக்கொரு மூலையப் புடிங்க” என்றாள். ஆறும் பிடித்தன. கூரை ஏறி உட்கார்ந்தது. அன்றிலிருந்து லட்சத்தார் அந்தக் கொட்டிலிலேயே தங்கிவிட்டார், எங்களுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

உலகம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பிடாதி அம்மன் தேர் ஓடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வடம் பிடிக்கிறவர்கள்தான் ஓட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். இழுப்பது ஒரு வேலையே இல்லை, ஆயிரம் பேர் கயிற்றைப் பிடித்தால் எதுவும் நகரும். நிறுத்துவதுதான் வேலை. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, சீவிய புளியங்கட்டையை அளவாகச் செருகிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் கையையும் காலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டையால்தான். அது அங்கிட்டுக்காரர்களின் வேலை. வடத்தை அவர்கள் தொடக் கூடாது. சக்கரத்தைத் தொடலாம், சக்கரமும் அவர்களைத் தொடலாம், அதற்கெல்லாம் தடையில்லை.

கடைசியாகத் தேர் ஓடியபோது சக்கரம் வண்டிமலையானின் பாதத்தைத் தொட்டது. தர்மகர்த்தா சங்கரநயினார், மேலத்தெருக்காரர், பரிவட்டம் கட்டிய தலையோடு குனிந்து பார்த்துவிட்டு, “கட்டையச் சரியாப் போடல” என்றார். அவ்வளவுதான் விசாரணை. வண்டிமலையான் அதைச் சிரித்தே கழித்தான். யாராவது காலைப் பார்த்து உச்சுக்கொட்டினால் “செருப்பு ஒன்னு போதும்லா” என்பான். உலகம்மாளால் சிரிக்க முடியவில்லை. கட்டை போடும் வித்தையை அவன் கற்றதே அவளுடைய அப்பனிடம்தான், அவளுக்கு அது அவனைவிடக் கூடவே தெரியும், கட்டையில் பிழையில்லை என்பதும் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம். அந்த வடத்தை ஒரு தடவை, ஊர் முழுக்கப் பார்க்க, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.

ஆனால் அதன்பின் தேரே ஓடவில்லை. பதினோரு வருடம் நிலையில் நின்று வௌவால் அடைந்தது. காரணம், வரிசை. சன்னதித்தெரு சொன்னது, மேலத்தெரு முதுகைத் தவிர வேறு முதுகைப் பார்க்க மாட்டோம் என்று. நடுத்தெரு சன்னதித்தெருவுக்குப் பின்னால் மட்டும்தான் நிற்கும். கீழத்தெரு நடுத்தெருவுக்குப் பின்னால் மட்டும். மற்ற எல்லாத் தெருவோடும் ஒரு எருமை விஷயமாக மூன்று தலைமுறைப் பகை. வடக்குத்தெரு கீழத்தெருவுக்குப் பின்னால், தெக்குத்தெரு வடக்குத்தெருவுக்குப் பின்னால். மேலத்தெரு யார் பின்னாலும் நிற்காது, அப்படி நின்றே தீர வேண்டுமென்றால் தெக்குத்தெருவுக்குப் பின்னால்தான். ஆக வட்டம் கச்சிதமாக இருந்தது. யார் முதலில் நின்று பரிவட்டம் கட்டுவது என்பதுதான் இல்லை. ஒன்பது தாசில்தார்கள் வந்து சமாதானக் கூட்டம் போட்டு, முறுக்கு சாப்பிட்டு, மாற்றலாகிப் போனார்கள்.

லட்சத்தார் ஐந்து நாள் டீக்கடையில் இடம் மாறி உட்கார்ந்ததைப் பார்த்தபின் எங்களுக்குப் புத்தி வந்தது. வட்டம் அப்படியே இருக்கட்டும், தலைமாடு மட்டும் நாளுக்கு நாள் மாறட்டும். திருவிழாவில் ஆறு நாள் ஆறு தெருவுக்குத் தேர் போகிறது. நாளுக்கு ஒரு தெரு முன்னால் நின்றால் தீர்ந்தது! இதை ஒரு மனிதன் சொல்லியிருந்தால் நீ எந்தத் தெரு என்று கேட்டு வாயை அடைத்திருப்போம். எண் சொன்னதால் கேட்டுக்கொண்டோம். அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்ததில் ஒன்று மேலத்தெருவுக்கு விழுந்தது. மற்றவை வரிசைப்படி நான்கு சன்னதித்தெருவுக்கு, இரண்டு நடுத்தெருவுக்கு, எட்டு கீழத்தெருவுக்கு, ஐந்து வடக்குத்தெருவுக்கு, ஏழு தெக்குத்தெருவுக்கு. கால்நாட்டுக்கு நாள் குறித்தார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஆறு தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம், எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது.

கட்டை போட ஆள் வேண்டுமே என்ற நினைப்பு பாயசம் வந்தபிறகுதான் வந்தது. தர்மகர்த்தா வாய்க்கால் கரையில் இந்தப் பக்கமாகவே நின்று உலகம்மாளைக் கூப்பிட்டார்.

“கட்ட போட்டுருவியா?”

“போடுதேன் ஐயா. ஏழாம் நாள் தேரு நிலைக்குத் திரும்பும்லா, அன்னைக்கு நான் வடம் புடிக்கணும்.”

“பாப்போம்” என்றார் தர்மகர்த்தா.

எங்கள் ஊரில் ‘பாப்போம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். உலகம்மாளுக்கும் தெரியும். இருந்தும் அவள் புளியங்கட்டைகளை எடுத்து எண்ணெய் தடவிக் காயப் போட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஆவுடையப்பன் வாத்தியார் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். இரண்டிலிருந்து ஆறுவரை எதால் வேண்டுமானாலும் பெருக்கலாம், பயமில்லை, ஏழால் மட்டும் பெருக்கிவிட வேண்டாம்.

“பெருக்குனா?” என்று கேட்டார் தர்மகர்த்தா.

“எல்லாம் ஒன்பதாயிரும். ஆறு ஒன்பது. முன்னால நிக்கவனும் ஒன்பது, பின்னால நிக்கவனும் ஒன்பது. யாரு எவருன்னு கண்டுபுடிக்க முடியாது. எல்லாரும் ஒன்னாயிருவோம்.”

கொள்ளைநோய் வருகிறது என்று சொல்லியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். ஆறு தெருவும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: திருவிழா முடியும்வரை ஊரில் யாரும் அந்த எண்ணை வாயால் சொல்லக் கூடாது.

அதன்பின் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் ஆறு மணிக்கு அப்புறம் ஆறு அறுபது ஆயிற்று, அதன்பின் எட்டு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நேராக எட்டாம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து முழித்தார்கள். ஏழாவது மாதத்தில் வளைகாப்பு போட வேண்டிய பெண்ணுக்கு, ஆறு முடிந்து எட்டு தொடங்காத மாதம் என்று பத்திரிகை அடித்தார்கள். ஜோசியர் சனிப்பெயர்ச்சிக்குப் பலன் சொல்லமுடியாமல் தவித்தார். தெக்குத்தெருக்காரர்களுக்குத்தான் பெரிய சங்கடம், அவர்களுடைய இலக்கமே அதுதான். ‘நம்மவரு’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். இவ்வளவும் செய்த நாங்கள், பறையடித்து அறிவிக்கிறவரை ஆறு தெருவோடு நிறுத்தாமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் அனுப்பித் தொலைத்தோம். அங்கிட்டுக்காரர்களை எதற்கும் கூப்பிட மாட்டோம், தடை என்றால் மட்டும் அவர்களுக்கும் உண்டு என்பது எங்கள் வழக்கம். பறைக்காரர் உலகம்மாள் வீட்டு வாசலிலேயே நின்று முழங்கினார்: “ஆறுக்கு அடுத்த எண்ண யாரும் லட்சத்தார் முன்னால சொல்லாதீங்க! சொன்னா எல்லாரும் ஒன்னாயிருவோம்! இதனால் சகலமானவர்க்கும்...”

உலகம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

திருவிழா தொடங்கியது. விடிந்தும் விடியாமல் தர்மகர்த்தா வாய்க்கால் கரையில் வந்து நின்று, அங்கிட்டு கால் வைக்காமல், ஒலிபெருக்கியில் “லட்சத்தாரே, ஒன்னு!” என்று கூவினார். மேலத்தெரு பரிவட்டம் கட்டியது. மறுநாள் “ரெண்டு!”, நடுத்தெரு. மூன்றாம் நாள் சன்னதித்தெரு, நான்காம் நாள் வடக்குத்தெரு, ஐந்தாம் நாள் தெக்குத்தெரு, ஆறாம் நாள் கீழத்தெரு. ஒரு கைகலப்பு இல்லை, ஒரு போலீஸ் இல்லை. அந்தந்தத் தெருவுக்கு முன்னால் அந்தந்த இலக்கம் வடத்தைப் பிடித்து நிற்க, அதன் பின்னால் தெருக்காரர்கள் நின்றோம், எல்லோருக்கும் தங்களுக்குப் பழக்கமான முதுகே முன்னால் தெரிந்தது. ஆறு நாளும் உலகம்மாள் சக்கரத்தடியில் குனிந்து கட்டை போட்டாள். ஒரு தடவைகூடத் தேர் ஒரு முழம் தள்ளி நின்றதில்லை. அந்தச் சக்கரம் அவள் உயரத்துக்கு மேல் இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் தேர் கீழத்தெரு மூலையில், இறக்கத்துக்கு மேலே நின்றது. மறுநாள் அந்த இறக்கத்தில் இறங்கி நிலைக்குப் போக வேண்டும். உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு தர்மகர்த்தா முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, நாளைக்கு நான் கேட்டது.”

“நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்?” என்றார் தர்மகர்த்தா. “கணக்குல எடமில்லையே! நீயே பாக்கேல்லா, ஆறு இலக்கம். ஆறு தெரு. உனக்கு எந்த இலக்கத்த நான் குடுப்பேன்? நாளைக்கு மறுபடியும் ஒன்னுன்னு சொல்லி மேலத்தெரு இழுத்துக்கிடும். இது நான் வச்ச சட்டம் இல்ல உலகம்மா. கணக்கு அப்படி.”

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கணக்கு என்று வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? உலகம்மாள் திரும்பி நடந்தாள். ஆவுடையப்பன் வாத்தியார் மட்டும் தலையாட்டாமல் நின்றவர், அவள் பின்னாலேயே போய், வாய்க்காலையும் தாண்டி, அறுபத்தாறு வயதில் முதல்முறையாக அங்கிட்டு கால் வைத்தார். அவருக்கு இது மனசாட்சி என்று சொல்ல மாட்டேன். கணக்கைப் பொய்யாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

“உலகம்மா, தர்மகர்த்தா சொன்னது தப்பு. இந்த எண்ணு எப்படிப் பொறந்துதுன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன். ஒன்ன அந்த... ஆறுக்கு அடுத்ததால வகுத்துப் பாரு. இதுதான் வரும். திரும்பத் திரும்ப இதுவேதான் வரும், முடியவே முடியாது.”

“ஒன்னுன்னா எது சார்?”

“எதுனாலும். ஒரு ரொட்டி, ஒரு தேரு.”

“ஆறுக்கு அடுத்ததுன்னா?”

வாத்தியார் தெருவை ஒரு தடவை பார்த்தார். “உங்களயும் சேத்து எண்ணுனா வருமே, அது” என்றார். சொல்லிவிட்டு அவர் முகத்தைக் காட்ட முடியாமல் திரும்பிப் போய்விட்டார்.

ஏழாம் நாள் விடிந்தது. தர்மகர்த்தா ஒலிபெருக்கியோடு வந்து வாய்க்கால் கரையில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “லட்சத்தாரே, ஒன்னு!” என்றார். கொட்டில் பக்கம் யாரும் அசையவில்லை. “ஒன்னு! ஒன்னுன்னு சொல்லுதேம்லா!” அப்போது உலகம்மாள் கொட்டில் படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், குளித்து, தலைமுடிந்து, கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். அவள் பின்னால் கை கோத்தபடி லட்சத்தார் வந்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. ஒரே உயரம், ஒரே வளைவு, ஒரே நடை.

தர்மகர்த்தா “ஒன்னு, ஒன்னு” என்று கத்திக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து வடக்குத்தெருக்காரர் ஒருவர் காலை மிதித்தார். ஆறு ஒன்பதும் நேராகத் தேருக்குப் போய், வடத்தில் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்து நின்றன. எது எங்கள் இரண்டு, எது அவர்களுடைய எட்டு? கீழத்தெருக்காரர்கள் தொப்பையைத் தேடினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொப்பைதான் இருந்தது. சன்னதித்தெருக்காரர் ஒருவர் ஓர் ஒன்பதின் முழங்கையை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. யார் பின்னால் யார் நிற்பது என்று தெரியாமல் ஊரே வடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நடுத்தெருக்காரனான எனக்கு முன்னால் ஒரு தெக்குத்தெரு முதுகும் பின்னால் ஒரு மேலத்தெரு வயிறும் வந்து நின்றன. அந்த முதுகும் மற்ற முதுகு மாதிரியே வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

உலகம்மாள் கூட்டத்துக்குள் நுழைந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியது யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு ஒன்பதுக்கு நடுவில் போய் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, வடத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

“ஏ, கட்ட யாரு போடுவா?” என்றார் தர்மகர்த்தா.

“நான் வடம் புடிச்சிருக்கேன் ஐயா. ரெண்டு வேலைய ஒருத்தி எப்படிப் பாப்பா?”

அம்மன் உச்சிப்பொழுதுக்குள் நிலைக்குப் போய்ச் சேர வேண்டும். தர்மகர்த்தா ஏவுவதற்கு ஆள் தேடினார். ஒவ்வொருவரையும் பார்த்தார், ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தோம். ஒன்பதுக்குக் கீழே ஓர் ஒன்பது எப்படி இருக்கும்? வண்டிமலையான் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, ஒரு புளியங்கட்டையை அவர் கையில் வைத்தான்.

“வாங்க ஐயா, நான் சொல்லித் தாரேன். ஒன்னும் பெரிய வித்தையில்ல. கட்டைய விட்டுட்டு காலை எடுக்கணும், காலை விட்டுட்டு கட்டைய எடுக்கக் கூடாது.”

சங்கரநயினார் பரிவட்டத்தைக் கழற்றி இடுப்பில் கட்டினார். பழைய கட்டையை உருவியதும் தேர் ஒரு முறை முனகியது, அப்புறம் இறக்கத்தில் இறங்கத் தொடங்கியது. இறக்கம் என்பதால் வடத்தைத் தேரின் பின்பக்கம் மாட்டியிருந்தோம்; நாங்கள் இழுக்கத் தேவையே இல்லை, அது எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று. பாதி இறக்கத்தில் தர்மகர்த்தா குனிந்து கட்டையைச் செருகினார். சரியாகத்தான் செருகினார், நான் என் கண்ணால் பார்த்தேன். சக்கரம் ஏறியது, எண்ணெய் தடவிய கட்டை ஒரு பக்கமாக வழுக்கியது, அவர் காலை எடுக்காமல் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“காலை எடும்வே!” என்று உலகம்மாள் போட்ட கூச்சல் மேலத்தெருவரை கேட்டது. “எடும்வே காலை! ஏ, எல்லாரும் வடத்தப் பின்னால வலிங்க!”

வலித்தோம். தெரு பார்க்காமல், முதுகு பார்க்காமல், உயிரைக் கொடுத்து வலித்தோம், ஆறு ஒன்பதும் எங்களோடு வலித்தன. தேர் ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் அவர் காலை எடுத்துக்கொண்டார். செருப்பு மட்டும் உள்ளே போய் அப்பளமாகிவிட்டது. அங்கிட்டுக்காரர் ஒருவர் எங்கள் தர்மகர்த்தாவைச் சரிசமமாக ‘வே’ என்று கூப்பிட்டது ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அப்போது யாருக்கும் அது காதில் விழவில்லை, அவருக்கும் விழவில்லை.

வண்டிமலையான் அடுத்த கட்டையோடு நொண்டிக்கொண்டு ஓடினான். தர்மகர்த்தா அதை வாங்கிப் போட்டார், தேர் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து தன் இடது பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். “நான் சரியாத்தான் போட்டேன்” என்றார். “அதுவா வழுக்கிட்டு.”

“ஆமா ஐயா” என்றான் வண்டிமலையான். “அதுவாத்தான் வழுக்கும்.”

அவன் சிரிக்காமல் பேசி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். தர்மகர்த்தா அவன் கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், மீதி இறக்கம் முழுவதும் இருவரும் மாறி மாறிக் கட்டை போட்டார்கள். ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு, யாருக்கு முன்னால் யார் என்று பாராமல், உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் தேரை நிலையில் கொண்டுபோய் நிறுத்தினோம். வேட்டு போட்டார்கள், குலவை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் பானகத்துக்கு ஓடினோம்.

உலகம்மாள் மட்டும் போகவில்லை. இரண்டு உள்ளங்கையும் சிராய்த்து ரத்தம் கசிய, தளர்ந்து கிடந்த வடத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தர்மகர்த்தா ஒற்றைச் செருப்போடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“தேரு நின்னுட்டு உலகம்மா. விட்டுரு.”

“நீங்க எல்லாரும் எத்தன தலைமுறையாப் புடிச்சிய, நீங்க விடுங்க” என்றாள் உலகம்மாள். “நான் இப்பத்தான புடிச்சிருக்கேன்.”